வராத போர்ப்படமும் காத்திருக்கும் இரசிகரும்: ‘மருதநாயகம்’ பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை திரையிலே காட்டப்பட்டவற்றையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளன. கதை, பாத்திரம், பாடல், நடிகரின் அரசியற் செல்வாக்கு ஆகியன விரிவாக ஆராயப்பட்டுவிட்டன. இன்னும் காட்டப்படாத ஒரு படம் சமூகத்தில் எவ்வாறு இயங்குகின்றது என்ற வினாவோ அதிகம் எழுப்பப்படவில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு ஊடகமாக நோக்கி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே, சாதியின் அடிப்படையிலன்றிக் கட்டணத்தின் அடிப்படையில் தமிழர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலிடம் திரையரங்கே என்பதை எடுத்துக்காட்டினார். அவ்வரங்கின் கதவு திறக்குமுன் வெளியே நிற்கும் கூட்டம் என்ன பேசிக்கொள்கின்றது என்பதை ஆராய்வது அவ்வாய்வின் இயல்பான தொடர்ச்சியாகும் என்பது எமது கருத்து. போர்ப்படங்களின் வெளியீடு பற்றி இரசிகர்கள் நிகழ்த்தும் ஊகங்களையே இங்கு நாம் எடுத்துக்கொள்கின்றோம். போரைத் தன் தெருக்களிற் கண்ட ஒரு நகரம் போர்ப்படமொன்றின் திகதிக்காகக் காத்திருப்பதை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட முடியாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியுள்ள லிங்கநகரில், சலூனிலும் தேநீர்க்கடையிலும் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலும் இவ்வூகங்களை நாம் பல தடவை செவிமடுத்துள்ளோம். அவை வெற்றுப் பேச்சுக்கள் அல்ல. பொங்கலா தீபாவளியா, இந்தியச் சுதந்திர தினமா என்று தொடங்கும் விவாதம், அதே வாரத்தில் வேறெந்த நடிகரின் படம் வருகின்றது, இணையவழி உரிமையை வாங்கிய நிறுவனம் எத்தனை வாரம் பொறுக்கும், தணிக்கைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா, இலங்கை விநியோகம் யாருடைய கையில் என்று விரிந்து செல்லும். பாடசாலையை இடைநடுவில் விட்ட ஓர் இளைஞன், ஒரு படத்தின் உரிமைகள் எவ்வெவ்வாறு பிரித்து விற்கப்படுகின்றன என்பதை வணிகத்துறை மாணவனைவிடத் தெளிவாக விளக்கக் கேட்டு நாம் வியந்ததுண்டு. இரசிகரைப் பாமரர் என்று ஒதுக்கும் எமது பல்கலைக்கழக விமர்சனம் இந்த அறிவை அறிவென்று ஏற்க மறுப்பது அதன் வர்க்கக் கண்ணோட்டத்தின் விளைவேயாகும்.

இவ்வறிவின் உள்ளடக்கத்தைச் சற்று நோக்குவோம். அருண் மாதேஸ்வரன் இயக்கிய ‘கேப்டன் மில்லர்’ 2023 டிசெம்பர் 15ஆந் திகதிக்கென அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரி 12இல், பொங்கலையொட்டி வந்தது. ‘கங்குவா’ 2024 ஒக்டோபர் 10ஆந் திகதியைக் குறித்துவைத்திருந்தது. ரஜினிகாந்தின் ‘வேட்டையன்’ அதே நாளைத் தெரிந்ததும் விலகி நவம்பர் 14இல் வெளியானது. மூத்தவருக்கு இளையவர் வழிவிட்டதாக அது அன்று பேசப்பட்டது. நிலமானியப் பண்பாட்டின் மரியாதைச் சொற்கள், நிதி மூலதனத்தின் ஒரு கணக்கை மூடிமறைக்க எவ்வளவு கைகொடுக்கின்றன என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் கிடைத்தலரிது. பண்டிகை விடுமுறை, அரங்குகளின் எண்ணிக்கை, கடனுக்கான வட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே திகதியை ஆக்குகின்றன. ஒரு படத்தின் இசையுரிமை, தொலைக்காட்சியுரிமை, இணையவழியுரிமை, வெளிநாட்டுரிமை என்பன முதற்காட்சிக்கு முன்னரே விற்கப்படக்கூடியவை. அதன் பயன்பெறுமதியை ஒருவரும் அறியுமுன்னரே பரிவர்த்தனைப் பெறுமதியின் பெரும்பகுதி கைமாறிவிடலாம். இரசிகனின் எதிர்பார்ப்பே அவ்விற்பனையின் பிணையாகின்றது. தான் மகிழ்ந்து பேசிக்கொண்டிருப்பதாகக் கருதும் அவன், கூலியின்றி அப்பிணைக்கு மதிப்பேற்றிக் கொண்டிருக்கின்றான்.

இது இன்று தோன்றியதன்று. பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 மே 16இலும், கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ அதே மாதம் 19இலும் வெளியாகின. இரண்டும் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கதைகள். மூன்று நாள் இடைவெளியில் வந்த இரண்டாவது படம் முதலாவதன் புகழிற் கரைந்துபோயிற்று. மருது சகோதரரின் போர் கட்டபொம்மனின் போரைவிட வரலாற்று முக்கியத்துவம் குறைந்ததென்று எவரும் கூறார். எனினும் தமிழ் மக்களின் நினைவில் எந்தப் போர் ஆழப் பதியவேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் ஒரு நாட்காட்டிக்கும் பங்கிருந்தது. இன்னும் பின்னே சென்றால் அரசு நேரடியாகவே தலையிட்டமை தெரியவரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சாப் படச்சுருள் பிரித்தானிய இந்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை அவ்வரசு வேண்டி நின்றது. சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’, கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’ என்பன அவ்வாறு எழுந்தவையே. அவை 1945இல் திரைக்கு வந்தன. அதே யுத்தத்தின் குண்டுகள் 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது யப்பானிய விமானங்களிலிருந்து விழுந்திருந்தன. தமிழிற் போர்ப்படம் என்ற வகையே ஏகாதிபத்தியத்தின் தேவையொன்றிலிருந்து பிறந்தது என்பதை மறந்து, அவ்வகையின் இன்றைய அலங்காரங்களை மட்டும் பேசுதல் பொருந்தாது.

இப்பின்னணியிலேயே ‘மருதநாயகம்’ பற்றிய காத்திருப்பை நாம் நோக்குதல் வேண்டும். ஏனைய படங்களின் திகதி மாதக் கணக்கிற் பின்தள்ளப்பட, இப்படத்துக்கான எதிர்பார்ப்போ கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. கமல்ஹாசன் பற்றி ஏதேனும் செய்தி வரும்போதெல்லாம் லிங்கநகரின் மூத்த இரசிகர்கள் இதனை எழுப்புகின்றனர். படம் தொடங்கியபோது பிறந்திராத இளைஞர்களும் அதில் இணைந்துகொள்கின்றனர். எடுக்கப்பட்ட சில நிமிடக் காட்சிகள் மட்டுமே உள்ள, முழுமையாக இல்லாத ஒரு பண்டத்துக்குத் தலைமுறை தாண்டிய இரசிகர் கூட்டம் உள்ளது!

படத்தின் நாயகன் யார்? இராமநாதபுரம் சீமையின் பனையூரிற் பிறந்து, இசுலாத்தைத் தழுவி, கிழக்கிந்தியக் கொம்பனியின் சிப்பாய்ப் படையிற் சேர்ந்து, அதன் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்த முகம்மது யூசுப்கான். பூலித்தேவன் முதலான பாளையக்காரரை ஒடுக்கிக் கொம்பனிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் வரி சேர்த்துக் கொடுத்த கரம் அவருடையது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் அவரிடம் வந்தபின், வரியின் உரிமை யாருக்கு என்ற வினாவில் முரண்பாடு முற்றிற்று. 1763இல் அவர் கிளர்ந்தெழுந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். மதுரைக் கோட்டையில் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். ஈற்றில் உடனிருந்தோராற் காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 ஒக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். எஸ். சி. ஹில் 1914இல் அவரைப்பற்றி எழுதிய நூலின் தலைப்பு அவரைக் கலகக்காரத் தளபதி எனச் சுட்டுகின்றது. கலகம் என்பது கொம்பனியின் சொல். ஆயினும் அவரை எளிதிற் சுதந்திர வீரர் என்று முடிசூட்டவும் வரலாறு இடந்தராது. அந்நியனின் கருவியாகவிருந்து அந்நியனுக்கெதிராகத் திரும்பிய ஒருவனின் முரண்பாடே இங்குள்ள நாடகம். அது கட்டபொம்மன் கதையைவிடச் சிக்கலானது. ஆதலால் எமக்கு நெருக்கமானதுங்கூட.

அக்கதையின் புவியியலும் லிங்கநகருக்கு அந்நியமானதன்று. சோழமண்டலக் கரையில், வாடைக்காற்றுக் காலத்திற் போர்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கர்நாடகப் போர்களில் ஈடுபட்ட ஆங்கிலக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் திருகோணமலையிற் கண்வைத்ததன் காரணம் இதுவே. 1746இல் நாகபட்டினத்துக்கு அப்பாற் பிரெஞ்சுக்காரருடன் பொருதிய பெய்டனின் கப்பல்கள் செப்பனிட ஒதுங்கியது இங்கேதான். அவ்வாண்டிலேயே சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தது. 1782இல் இத்துறைமுகம் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஓகஸ்டிற் பிரெஞ்சுத் தளபதி சுப்ரெனுக்கும் கைமாறிற்று. யூசுப்கானை உயர்த்தியதும் அழித்ததுமான அந்த வல்லரசுப் போட்டியின் மறுகரை இது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957வரை இங்கே நீடித்தது. எனவே லிங்கநகர் இளைஞன் மருதநாயகத்தின் கதையைப் ‘பக்கத்து நாட்டு’ வரலாறாகக் கருதவேண்டிய அவசியமில்லை. அவனுக்கு இதனைச் சொல்லிக்கொடுக்க எமது பாடநூல்கள்தாம் தவறிவிட்டன.

1997 ஒக்டோபர் 16இல், சென்னையில் இப்படத்தின் தொடக்க விழா நிகழ்ந்தது. அதனைச் சிறப்பித்தவர் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத். இந்திய சுதந்திரத்தின் பொன்விழாவையொட்டி வந்திருந்த அவர், இரு நாள்களுக்கு முன்னர் ஜாலியன்வாலாபாக்கில் மலர்வளையம் வைத்திருந்தார். யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட நாள் கழிந்து 233 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அவரைத் தூக்கிலிட்ட கொம்பனியின் சாம்ராச்சியத்தைப் பின்னர் பொறுப்பேற்ற முடியின் வாரிசு, அவருடைய போர்க்காட்சியைப் பார்வையாளராக நின்று கண்டார். இதனைக் கமல்ஹாசனின் துணிச்சல் என்று பலரும் பாராட்டினர். ஆளவந்தவரை அழைத்து அவரது முன்னோரின் குற்றத்தை அவர் கண்முன் நடித்துக் காட்டுவதில் ஒரு நாடகக் கலைஞனின் குறும்பு இருக்கின்றது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அவ்விழாவுக்கு மற்றொரு தேவையும் இருந்தது. 80 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதாக அக்காலத்திற் பேசப்பட்ட ஒரு திட்டத்துக்கு உலகச் சந்தையின் கவனம் வேண்டியிருந்தது. அரசியின் வருகை அதற்கான விளம்பரமுமாயிற்று. பின்னர் வெளிநாட்டு முதலீடு விலகியமையே படம் நின்றதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தவனின் கதை அந்நிய மூலதனம் இன்மையால் நின்றுவிட்டது. தமிழ்த் திரையுலகின் சார்புநிலை முதலாளித்துவத்தை இதனைவிடத் தெளிவாக எந்த விமர்சகனாலும் விளக்கிவிட முடியாது.

‘1959இல் உள்ளூர் முதலைக்கொண்டு கட்டபொம்மனை எடுக்கவில்லையா?’ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. விடை போரின் வடிவத்திலுள்ளது. கட்டபொம்மன் மேடை நாடகமாயிருந்து திரைக்கு வந்தது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனமே அங்கு போரை நடத்திற்று. ஜாக்சன் துரையின் முன் நின்று பேசப்பட்ட சொற்கள் பீரங்கியைவிட உரத்து ஒலித்தன. அவ்வசனத்தை ஈழத்தின் பாடசாலை மேடைகளில் ஒப்புவித்த ஒரு தலைமுறையே உண்டு. திருகோணமலையும் அதற்கு விலக்கன்று. சொல்லாற் செய்யப்படும் போருக்குச் செலவு குறைவு. அதனை எவரும் மனனம் செய்து தமதாக்கிக் கொள்ளலாம். காட்சியாற் செய்யப்படும் போரோ குதிரைகளையும் கப்பல்களையும் ஆயிரக்கணக்கான துணை நடிகரையும், இக்காலத்திற் கணினி வரைகலையையும் வேண்டுகின்றது. ஹொலிவூட்டின் அளவுகோலே இரசிகனின் அளவுகோலுமாகும்போது, உற்பத்திச் சாதனம் உள்ளூர் முதலாளியின் பிடியிலிருந்து நழுவுகின்றது. இன்றைய போர்ப்படத்தின் மதிப்பைப் பற்றி இரசிகர் பேசும்போது, முதலில் கூறப்படுவது செலவுத்தொகை என்பதைக் கவனித்தல் வேண்டும். போரின் பெருமை அதில் இறந்தோராலோ அது தீர்த்த பிரச்சினையாலோ அல்லாது, கோடிகளால் அளக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் ஒரு நூலை நினைவூட்ட விரும்புகின்றோம். ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கான்சாகிபு என மக்கள் அழைத்தது யூசுப்கானையே. அரசவைப் புலவர் எவரும் அவரைப் பாடாதிருக்கவும், நாட்டார் பாடகர் பாடினர். அப்பாட்டு வாய்மொழி வழக்கிற் காலங்கடந்து வாழ்ந்தது. கதைப்பாடலுக்கு வெளியீட்டுத் திகதி கிடையாது. பாடுவோனும் கேட்போனும் ஒருங்கு கூடிய இரவே அதன் வெளியீடு. கேட்போரின் முகக்குறிப்பை அறிந்து பாடகன் கூட்டவும் குறைக்கவும் செய்வான். ஆகவே போரின் பொருளைத் தீர்மானிப்பதில் கேட்போனுக்கும் ஒரு பங்கிருந்தது. இன்றைய இரசிகனுக்கு எஞ்சியிருப்பது திகதியை ஊகிக்கும் உரிமை மட்டுமே. பழைய வாய்மொழிக் கலையிற் படைப்பின் உள்ளே நின்றவன், நவீன கைத்தொழிற் கலையிற் படைப்பின் வாசலில் நிறுத்தப்பட்டுள்ளான். அவ்வாசலில் நின்றபடியே, “கான்சாகிபுவைக் காட்டிக்கொடுக்கும் காட்சியை எங்கு வைப்பார்கள்?”, “தூக்குமேடையில் முடிப்பார்களா, அதற்கு முன்னரே நிறுத்துவார்களா?” என்றெல்லாம் அவன் படத்தைத் தானே ஆக்கத் தொடங்கிவிடுகின்றான். ஊகம் என்று நாம் இகழும் பேச்சில், பறிக்கப்பட்ட அந்தப் பழைய பங்கு தன்னைத் திரும்பக் கோருவதாகவே எமக்குப் படுகின்றது.

இருப்பினும் இக்கோரிக்கை தன்னளவில் முற்போக்கானது என்று கூறிவிட முடியாது. ‘அமரன்’ இதற்குச் சான்று. 2014இற் காஷ்மீரின் சோபியானில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை அடியொற்றி ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய அப்படம், 2024 ஒக்டோபர் 31இல் தீபாவளிப் படமாக வந்தது. அதன் திகதி பற்றியும் லிங்கநகரில் ஆர்வத்தோடு பேசப்பட்டது. இந்திய இராணுவச் சீருடையை 1987 முதல் 1990 வரை இதே தெருக்களிற் கண்ட நகரம் இது. வடக்குக் கிழக்கு மாகாண சபை அக்காலத்திற் செயற்பட்டதும் திருகோணமலையிலேதான். வீட்டிலுள்ள மூத்தோரின் நினைவுக்கும் திரையிலுள்ள சீருடைக்கும் என்ன உறவு என்ற வினா, நாம் செவிமடுத்த அப்பேச்சுக்களில் ஒருமுறையேனும் எழவில்லை. காஷ்மீர் முஸ்லிம்களை அப்படம் சித்திரித்த விதத்துக்குத் தமிழ்நாட்டிலே எதிர்ப்புக் கிளம்பியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழும் திருகோணமலையில் அதுவும் பேசப்படவில்லை. போர் ஒரு ‘வகை’யாகிவிட்டால், யார் யாரோடு எதற்காகப் போரிட்டனர் என்பது இரசிகனின் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றது. எத்தனை அரங்குகள் என்று அறிந்தவன், எவரது நிலம் என்று கேட்பதில்லை.

எமது சொந்தப் போர் பற்றிய படங்களுக்கு யார் திகதி குறித்தனர் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்த்தல் தகும். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் ஆக்கப்பட்ட சிங்களத் திரைப்படம். போர்முனையிலிருந்து மகனின் உடல் எனத் திறக்கக்கூடாத பெட்டியொன்று வந்துசேர, அதனை நம்ப மறுத்து, நட்டஈட்டுப் பத்திரத்திற் கையெழுத்திடவும் மறுக்கும் கண்பார்வையற்ற கிராமத்துத் தந்தையின் கதை அது. ஜோ அபேவிக்கிரம அத்தந்தையாக நடித்தார். 2000ஆம் ஆண்டில், ஆனையிறவு முகாம் வீழ்ந்த சூழ்நிலையில், போர் நிலைமையைக் காரணங்காட்டி அரசு அதன் திரையிடலைப் பின்போட்டது. இயக்குநர் உயர் நீதிமன்றம் சென்றார். 2001இல் அந்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, படத்தைத் திரையிடுமாறு பணித்தது. பெட்டியைத் திறவாதே என்ற அரசு, பெட்டியைத் திறந்து காட்டிய படத்தையும் பூட்டிவைக்க முயன்றது. இப்படத்தின் வெளியீடு பற்றி அன்று தமிழ் இரசிகர் எவரும் ஊகங்கூறியதாக நாம் அறியோம். சிங்களக் கிராமத்து ஏழையின் மகனும் தமிழ் ஏழையின் மகனும் ஒரே போரின் இரு பக்கங்களில் மாண்டமையைத் தமிழ்ப் பார்வையாளன் காணத்தக்க அரிய வாய்ப்பு அது. தமிழ்நாட்டிலும் இத்தகைய கதைகளின் நிலை வேறன்று. ஈழப்போரைப் பின்னணியாகக் கொண்ட சந்தோஷ் சிவனின் ‘இனம்’ 2014இல் வெளியான சில நாள்களிலேயே எதிர்ப்பின் காரணமாக அரங்குகளிலிருந்து மீளப்பெறப்பட்டது. அப்படத்தின் அரசியலை நாம் ஏற்கின்றோமா என்பது வேறு விடயம்.

திகதிக்குக் காத்திருத்தல் திருகோணமலைக்குப் புதியதன்று. 2006 ஜனவரி 2இல் இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கின் பிரதிவாதிகள் பதின்மூவரும் 2019 ஜூலையிற் போதிய சான்றில்லையென விடுவிக்கப்பட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நகரம் அறிந்த சொல் ‘தவணை’. தவணைக்கான காரணத்தை எந்த இரசிகனாலும் ஊகிக்க முடியவில்லை. அங்கே ஊகம் ஆபத்தானதாகவும் இருந்தது. திரைப்படத்தின் திகதி பற்றி அச்சமின்றி மணிக்கணக்காகப் பேசலாம். பேச அனுமதிக்கப்பட்ட காத்திருப்பின் மீது, பேச அனுமதிக்கப்படாத காத்திருப்பின் வேகமெல்லாம் வந்து குவிவது இயல்பே. இரசிகனின் ‘வெறி’ என்று எமது அறிஞர்கள் கண்டிக்கும் பொருளின் ஒரு பகுதிக்கு மூலம் இங்கேதான் உள்ளது என்று நாம் துணிகின்றோம்.

இத்துணிபு மேலும் கள ஆய்வினால் உறுதிப்படுத்தப்பட வேண்டியது. லிங்கநகரின் பேச்சை மூதூரின் பேச்சோடும், கிண்ணியாவின் பேச்சோடும், கந்தளாயின் சிங்கள இரசிகரது பேச்சோடும் ஒப்பிடும் முயற்சியை எமது மாணவர்கள் மேற்கொள்ளலாம். அவர்களது வினாக்கொத்தில் எந்தப் படம் எப்போது வரும் என்பதற்கு அடுத்ததாக, எந்தப் போர் இன்னும் படமாகவில்லை என்ற வினாவும் இடம்பெறட்டும். ‘கான்சாகிபு சண்டை’யின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பை அவர்கள் தம்மோடு எடுத்துச்சென்று, மைதானத்தோரத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினாலும் நன்று.